கிராண்டும் காடியும்: பேராக் தமிழரின் ஊர்திப்பற்றும் சாலை மரியாதையும்

1. வரையறை

தன் ஊர்தியை ஒருவர் தொட்டால் தன்னையே தொட்டதாகவும், அதன் இடத்தை மறித்தால் தன் வாசலையே மறித்ததாகவும், அதை முந்தினால் தன்னையே தாழ்த்தியதாகவும் கொள்ளும் உணர்வை இக்கட்டுரையில் ஊர்திப்பற்று என்கிறோம். இது உடைமையிலிருந்து வேறானது. உடைமை சட்டத்தைச் சேர்ந்தது. பற்று மனத்தைச் சேர்ந்தது. மலேசியாவின் 1967ஆம் ஆண்டுத் தவணைக் கொள்முதல் சட்டப்படி, கடைசித் தவணை கட்டி முடியும்வரை உரிமையாளர் கடன் கொடுத்த நிறுவனமே. ஆனால் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழ் வைத்து நசுக்கிய அன்றே காடி நம்முடையதாகிவிடுகிறது. (நம் நாட்டுத் தமிழில் கார் என்பது காடி, மோட்டார் என்றால் இருசக்கர வண்டி.) உடைமை வந்து சேர ஒன்பது ஆண்டுகூட ஆகலாம், பற்றுக்கு ஒரு பகல் போதும்.

சாலை மரியாதை என்பது சம்மன் எட்டாத இடத்தில் தொடங்கும் நடத்தை. சிவப்பு விளக்கில் நிற்பது கீழ்ப்படிதல். சந்திலிருந்து வெளிவரக் காத்திருப்பவருக்கு வேகம் குறைத்து வழிவிடுவதும், வழி பெற்றவர் கை உயர்த்துவதும் மரியாதை.

2. பற்றின் வகைகள்

வரையறையில் வந்த மூன்று வினைகளுக்கு ஏற்ப, பற்றும் மூவகைப்படும். தொடுதலைப் பொறாதது பேணற்பற்று: வெள்ளிக்கிழமை மாலையில் வண்டியைக் கழுவுதல், ஆயுத பூசையில் சந்தனமும் குங்குமமும் இடுதல், தம்பிக்குக்கூட மோட்டாரை இரவல் தர மறுத்தல். இதனால் பிறருக்குத் தீங்கு பெரிதாக இல்லை என்பதால் இங்கு நீட்டவில்லை.

மறித்தலைப் பொறாதது இடப்பற்று. ஈப்போவின் புந்தோங்கிலோ வேறு எந்தத் தாமானிலோ (குடியிருப்பிலோ), வரிசை வீடுகளின் முன்னுள்ள சாலையோரத்தில் பூந்தொட்டி, பழைய நாற்காலி, ஆரஞ்சு நிறக் கூம்பு ஆகியவற்றைக் காணலாம். வாசலுக்கு எதிரே உள்ள சாலை பொதுவிடம். அதில் தடைப்பொருள் வைப்பது 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி குற்றம். நாற்காலி வைத்தவருக்கும் இது தெரியும். தெரிந்தும் வைப்பதுதான் பற்று.

இடப்பற்று நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் அட்லாண்டா நகரப் பேரங்காடி ஒன்றின் நிறுத்துமிடத்தை ரூபெக், ஜுயெங் என்ற இருவர் ஆராய்ந்து 1997இல் வெளியிட்டனர். யாரும் காத்திராதபோது காடியை எடுத்து வெளியேற ஏறக்குறைய 32 விநாடி எடுத்துக்கொண்டவர்கள், ஒருவர் காத்து நிற்கும்போது 39 விநாடி எடுத்தனர்; அவர் ஹார்ன் அடித்தால் 43 விநாடி. விட்டுப்போகும் இடத்தைக்கூடப் பிறர் கேட்கும்போது மனம் இறுகிக்கொள்கிறது. தீபாவளிக்கு முந்திய வாரம் ஜாலான் லஹாட்டில் இடம் தேடிச் சுற்றியவர்களுக்கு இந்த எண்களை விளக்க வேண்டியதில்லை.

முந்துதலைப் பொறாதது முகப்பற்று. மூன்றிலும் ஆபத்தானது இதுவே. சாலையில் உயிர் போவது பெரும்பாலும் நிறுத்துமிடத்தில் அன்று, ஓடும்போதுதான். இதன் காரணத்தையே இனி விரிவாக ஆராய்கிறோம்.

3. காரணம்

முகப்பற்றின் வேரை ரப்பர் தோட்டத்தில் தேடுவோம். பேராக்கில் ரப்பர் 1877இல் கோலகங்சாரில் நடப்பட்டது. பின்னர் எழுந்த தோட்டங்களில் துரை, கிராணி (எழுத்தர்), மண்டோர் (மேற்பார்வையாளர்), பால்வெட்டுத் தொழிலாளி என்ற அடுக்கு நிலைத்தது. அங்கே தமிழ்த் தொழிலாளிக்கு எது சொந்தம் என்பதே நம் முதல் கேள்வி. லயத்து வீடு தோட்டத்துடையது. வேலை போனால் வீடும் போகும். மரம் தோட்டத்துடையது, வாளியில் வடிந்த பாலும் அப்படியே. கூலியில் மிச்சம் பிடித்து வாங்கக்கூடிய, தன் கையாலேயே துடைத்து வைக்கக்கூடிய பெரும்பொருள் சைக்கிள்.

அந்தச் சைக்கிளிலும் அவன் முழுமையாக ஏறி அமர முடியவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஊதிய உயர்வு இருந்தது. கள்ளுக்கடையை மூடுதல் இருந்தது. அவற்றோடு, துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழித்தலும் இருந்தது. போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதன் கைதாகி இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர். கிள்ளான் சிலாங்கூரைச் சேர்ந்தது. ஆயினும் துரை முதல் தொழிலாளி வரையிலான அடுக்கு பேராக்கிலும் அதுவே. கூலிக் கோரிக்கைக்கு நிகராகச் சைக்கிளிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையையும் எழுதி வைத்தார்கள் என்பதை நாம் இலேசாகக் கடந்துவிடக் கூடாது.

இதன் அடுத்த நிலை ஒரு சொல்லில் பதிந்துள்ளது. மலேசியாவில் நிலப் பட்டாவும் கிராண்டு, வண்டியின் உரிமைச் சான்றும் கிராண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தபோது, நிலக் கிராண்டு கையில் இல்லாத பல குடும்பங்களுக்கு முதலில் கிடைத்த கிராண்டு கப்சாய் மோட்டாருடையது. அதன்பின் 1985இல் புரோட்டோன் சாகா, 1994இல் பெரோடுவா கஞ்சில் என உள்நாட்டுக் காடிகள் வந்தன. தகப்பன் பெயர் அரசாங்கத் தாளில் ஒரு பொருளுக்கு உரியவராக முதலில் அச்சானது அந்த வண்டிக் கிராண்டில்தான். அந்தப் பொருளின் மேல் விழும் கீறல் தகட்டில் மட்டும் விழுவதில்லை.

இதற்கு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. கூம்பு வைப்பவரிலும் முந்த விடாதவரிலும் சீனரும் மலாய்க்காரரும் உளர். அவர்கள் பாட்டன்மாரில் பெரும்பாலோர் துரைக்கு இறங்கி நின்றவர்கள் அல்லர். ஆகவே ஊர்திப்பற்று முழுவதையும் தோட்ட வரலாற்றிலிருந்து பெற முடியாது. நாம் கூறுவது இதைவிடக் குறுகியது: எல்லோருக்கும் பொதுவான முகப்பற்றுக்கு, நம்மிடையே ஒரு தனி நினைவு நிறம் ஏற்றியிருக்கிறது. இது நம் ஊகமே. எனினும் பின்வரும் பாகுபாடு இதற்குத் துணை நிற்கிறது.

4. மரியாதையின் இருவகை

கீழே நிற்பவன் மேலே உள்ளவனுக்குக் கட்டாயத்தால் செய்வது இறங்கு மரியாதை. இருவரும் மாறி மாறிச் செய்துகொள்வது ஒப்புரவு மரியாதை. புறத்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே: ஒருவர் நிற்கிறார், மற்றவர் போகிறார். குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. பின்னால் வரும் பெரிய காடி விளக்கைச் சிமிட்டினால், அது வழி கேட்பதாக அன்றி, இறங்கச் சொல்வதாகவே சிலர் காதில் விழுகிறது.

முகம் தெரிந்தால் குழப்பம் குறைகிறது. தோட்டத்துச் செம்மண் சாலையில் எதிரே வருபவர் இன்னார் மாமா என்று தெரியும். ஈப்போ நெடுஞ்சாலையில் கறுத்த கண்ணாடிக்குப் பின்னால் யாரென்று தெரியாது. இரட்டை வரிசையில் நிறுத்திவிட்டு, கைப்பேசி எண்ணைக் கண்ணாடியின் உள்ளே எழுதி வைக்கும் நம் நாட்டு வழக்கம் இவ்விடத்தில் நோக்கத்தக்கது. தவறு செய்பவரே தன்னை அழைக்க வழி வைத்துவிட்டுப் போகிறார். அழைத்தவரும் ஓடி வருபவரைக் கண்டதும் “பரவால்லண்ணே” என்கிறார். பத்து நிமிடம் கொதித்த கோபம் ‘அண்ணே’ என்ற விளியில் அடங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறோம்.

5. வகைக்குள் அடங்காத ஒன்று

சில வீடுகளின் பக்கத்துத் தாழ்வாரத்தில் தார்ப்பாய் போர்த்திய பழைய மோட்டார் ஒன்று நிற்கும். ஓட்டியவர் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும்; சாலை வரி கட்டுவதில்லை; டயர்களில் காற்று இல்லை. அதை யாரும் முந்தப்போவதில்லை, அதற்கு இடப்போட்டியும் இல்லை. இரும்புக் கடைக்காரர் விலை கேட்டால் மட்டும் வீட்டிலுள்ளவர்கள் பேச்சை மாற்றுவார்கள். அலமாரியில் துணிகளுக்கு அடியில் அதன் கிராண்டு இருக்கும், இன்னும் அப்பா பெயரிலேயே.