இரண்டு கண்ணாடி மூடிகள் சொல்லும் வரலாறு
காட்சிக்கு வைக்கப்பட்ட போர் விமானத்தின் ரகத்தை அறியப் பலரும் அதன் வால் எண்ணைத்தான் பார்ப்பார்கள். எண்ணைச் சாயம் மாற்றிவிடும், உடலமைப்பு மாறாது.

சிங்கப்பூர் ஆகாயப் படையின் ஸ்கைஹாக் இதற்கு நல்ல சான்று. இருவர் அமரும் ஸ்கைஹாக்கில் பொதுவாக நீண்ட ஒரே கண்ணாடி மூடிதான் இருக்கும். சிங்கப்பூரின் டிஏ-4எஸ் ரகத்திலோ இரண்டு தனித்தனி மூடிகள். 1970களில் வாங்கிய, அமெரிக்கக் கடற்படையின் பழைய ஒற்றை இருக்கை விமானங்களை நீட்டி, இன்னோர் இருக்கை அறையைச் சேர்த்ததே காரணம். 1980களில் இயந்திரமும் மாற்றப்பட்டு, அது சூப்பர் ஸ்கைஹாக் ஆனது. 2005ல் முன்னணிப் பணியிலிருந்தும், 2012ல் பயிற்சிப் பணியிலிருந்தும் ஓய்வுபெற்றது.

விளக்கப் பலகையில் வெறுமனே 'ஸ்கைஹாக்' என்று எழுதினால், பழையதைப் புதிதாக்கிய ஒரு சிறிய நாட்டின் உழைப்பு மறைந்துபோகும். பிள்ளைகளுடன் செல்லும் பெற்றோர் அந்த மூடிகளை எண்ணிக் காட்டலாமே!