திருச்சிராப்பள்ளியும் மலையகத் தமிழரின் குடியுரிமை விண்ணப்பங்களும்

முன்னுரை

திருவரங்கத்தில் வீடு, பொன்மலை இரயில்வே பணிமனையில் வேலை. காவிரிப் பாலத்தைத் தினமும் கடந்து இப்படி வாழ்ந்த குடும்பங்கள் திருச்சியில் ஏராளம். 1994-ஆம் ஆண்டில் திருச்சி மாநகராட்சி அமையும் வரை திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், பொன்மலை ஆகிய மூன்றும் தனித்தனி நகராட்சிகள். ஒரு நகராட்சியில் குடியிருந்து இன்னொரு நகராட்சியில் வேலை பார்த்தவரை, "நீ எந்த ஊர்க்காரன்?" என்று எந்த அலுவலகமும் கேட்டதில்லை.

இதே திருச்சி மாவட்டத்திலிருந்து பாக்கு நீரிணையைக் கடந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்குச் சென்றவர்களிடம் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. சரியான பதிலை எழுத்தில் காட்ட முடியாதவர்கள் இரு நாடுகளிலும் உரிமை இழந்தனர். வேலை ஓரிடத்திலும் சொந்த ஊர் வேறிடத்திலும் இருந்த காரணத்தால் இலட்சக்கணக்கான மக்கள் நாடற்றவர்களான வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திருச்சியிலிருந்து கண்டிச் சீமைக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கையின் மலைப்பகுதிகளில் ஆங்கிலேயர்கள் காப்பித் தோட்டங்களைத் தொடங்கினர். காப்பிப் பயிர் நோயால் அழிந்தபின் அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. காப்பி பறிப்பு ஆண்டில் சில மாதங்களே நடக்கும். ஆகவே அக்காலத் தொழிலாளர் பலர் பருவத்துக்குப் போய், வேலை முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் தேவை. இதனால் குடும்பம் குடும்பமாகச் சென்று லயங்களில் தங்கி வாழும் வழக்கம் ஏற்பட்டது.

திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம் மாவட்டங்களும் புதுக்கோட்டைச் சமஸ்தானமும் இவர்களின் முக்கியத் தாயகங்கள். திருச்சி மாவட்டத்தில் முசிறி, துறையூர் போன்ற வட்டாரங்களிலிருந்து பலர் சென்றனர். பஞ்சமும் கடனும் நிலமின்மையும் அவர்களை அனுப்பி வைத்தன. சென்றவர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். 1947-ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டத்துக்கு முன்பு திருவரங்கம் போன்ற பெருங்கோயில்களுக்குள் செல்ல இவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. சொந்த ஊர் என்பது பாசத்துக்குரிய இடமாக இருந்தது போலவே அவமானத்தை நினைவூட்டும் இடமாகவும் இருந்தது.

ஆள்சேர்ப்பில் திருச்சி நகருக்குத் தனி இடம் உண்டு. இலங்கைத் தோட்ட முதலாளிகள் 1904-இல் ஏற்படுத்திய இலங்கைத் தொழிலாளர் ஆணையகத்தின் தலைமையிடம் திருச்சியில்தான் இருந்தது. கிராமங்களில் ஆள் திரட்டும் கங்காணிகளின் வேலையை இந்த அலுவலகம் மேற்பார்வையிட்டது. தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத் துண்டு ஒன்று தொழிலாளியிடம் கொடுக்கப்படும். அதுவே அவருக்குப் பயணச்சீட்டும் அடையாளச் சீட்டும் ஆயிற்று. 1914-இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் போக்குவரத்தும் தொடங்கியபின் பயணம் எளிதானது. 'போட் மெயில்' என்று மக்கள் அழைத்த இரயில், கடல் கடந்த வேலையைப் பக்கத்து ஊர் வேலை போல ஆக்கியது. மண்டபம் முகாமில் சில நாள் மருத்துவக் கண்காணிப்பில் தங்க வேண்டும் என்பதே பெரிய தடையாக இருந்தது. கடவுச்சீட்டு, விசா என்ற பேச்சே இல்லை. இந்தியாவும் இலங்கையும் ஒரே பேரரசின் கீழ் இருந்ததே இதற்குக் காரணம்.

கல்யாணம், கருமாதி, குலதெய்வ வழிபாடு என்று தொழிலாளர்கள் ஊருக்கு வந்து போயினர். சிலர் வயதான பெற்றோரிடம் பிள்ளைகளை விட்டுச் சென்றனர். இந்தப் போக்குவரத்து பின்னாளில் அவர்களுக்கு எதிரான சாட்சியாக மாறும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க முடியாது.

"நிலையாகக் குடியிருப்பவரா?"

1931-இல் டொனமூர் அரசியலமைப்பின்படி இலங்கையில் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. ஆனால் இந்திய வம்சாவளியினர் விஷயத்தில், இலங்கையை நிரந்தர வாழிடமாகக் கொண்டவரா என்ற கேள்வி அப்போதே எழுப்பப்பட்டது. அதைக் காட்ட இயலாதவர் கல்வி அல்லது சொத்துத் தகுதி பெற்றிருக்க வேண்டும். இல்லையேல் ஐந்தாண்டு வசிப்பைக் காட்டி நிரந்தரக் குடியேற்றச் சான்றிதழ் பெற வேண்டும்.

1939 ஆகஸ்டில் இந்திய அரசு, உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கை செல்வதற்குத் தடை விதித்தது. இலங்கை அரசு இந்தியப் பணியாளர்களை வேலையிலிருந்து நீக்கியதற்கு எதிர் நடவடிக்கை இது. ஏற்கெனவே அங்கு வேலை செய்தவர்கள் வந்து போகப் பின்னர் தளர்வு அளிக்கப்பட்டாலும், தடையின் தொடக்கக் காலத்தில் ஊருக்கு வந்தவர்களுக்குத் திரும்பிச் செல்வது நிச்சயமில்லாமல் போனது.

1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. மறு ஆண்டே, விடுதலை பெற்ற இலங்கையின் நாடாளுமன்றம் 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. தந்தையோ, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்த பிள்ளைக்கே பிறப்புச் சான்று கிடைப்பது அரிது என்ற நிலையில், பாட்டனின் பிறப்புக்கு எங்கே போவது?

1949-ஆம் ஆண்டின் சட்டம்

இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற 1949-இல் தனிச் சட்டம் வந்தது. அதன் மையம் 'இடைவிடாத வசிப்பு' என்ற நிபந்தனை. திருமணமானவர் 1946 ஜனவரி 1-க்கு முன் தொடர்ந்து 7 ஆண்டுகளும், திருமணமாகாதவர் 10 ஆண்டுகளும் இலங்கையில் வசித்திருக்க வேண்டும். அதன் பின்னும் விண்ணப்பிக்கும் நாள் வரை அந்த வசிப்பு தொடர வேண்டும். ஒரு முறை வெளியே சென்று 12 மாதத்துக்கு மேல் தங்கினால் தொடர்ச்சி அறுந்துவிடும். மனைவியும் வயது வராத பிள்ளைகளும் இலங்கையில் வசித்ததைக் காட்ட வேண்டும். போதிய வருமானமும் வேண்டும்.

ஒரு தொழிலாளியின் நிலையில் நின்று இதைப் பார்க்க வேண்டும். அவர் இருபது ஆண்டுகள் ஒரே தோட்டத்தில் உழைத்திருக்கலாம். இடையில் தாயின் நோய்க்காக முசிறிப் பக்கத்துக் கிராமத்துக்கு வந்து, பதினான்கு மாதம் கழித்துத் திரும்பியிருக்கலாம். அல்லது பிரசவத்துக்கு ஊருக்குப் போன மனைவி நெடுநாள் அங்கேயே தங்கியிருக்கலாம். உழைப்பு முழுவதும் இலங்கையில்தான் நடந்தது. ஆனால் சட்டம் உழைப்பைக் கணக்கிடவில்லை, இருப்பைக் கணக்கிட்டது. அந்த இருப்புக்கும் எழுத்துச் சான்று கேட்டது.

சட்டத்தை எதிர்த்த இலங்கை இந்தியர் காங்கிரஸ் முதலில் விண்ணப்பிக்காமல் புறக்கணித்தது. பிறகு முடிவை மாற்றிக்கொண்டது. 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். அதற்குள் சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்தன. அவை சுமார் 8,25,000 பேருக்கானவை. பல ஆண்டுகள் நீடித்த விசாரணையின் முடிவில் குடியுரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேர், அதாவது ஏறத்தாழ ஆறில் ஒருவர். இதற்கிடையே வாக்காளர் பட்டியலிலிருந்தும் பெயர்கள் நீக்கப்பட்டன. 1952-இல் இலங்கை இந்தியர் காங்கிரஸ் சத்தியாக்கிரகம் நடத்தியும் சட்டம் மாறவில்லை.

மறுபக்கத்தில் இந்தியாவும் இவர்களைத் தானாகக் குடிமக்களாக ஏற்கவில்லை. அரசியலமைப்பின் 8-ஆம் பிரிவின்படி, வெளிநாட்டில் வசிக்கும் இந்திய வம்சாவளியினர் இந்தியத் தூதரகத்தில் விண்ணப்பித்துப் பதிவு செய்துகொள்ளலாம். பல தலைமுறையாக இலங்கையில் உழைப்பவர்கள் இலங்கையின் மக்களே என்பது பிரதமர் நேருவின் நிலைப்பாடு. இலங்கை "இந்தியர்" என்றது. இந்தியா "இலங்கையர்" என்றது. இரண்டுக்கும் நடுவில் நின்றவர்களுக்கு 'நாடற்றவர்' என்ற பெயர் கிடைத்தது.

சாஸ்திரி – சிறிமா ஒப்பந்தம்

1964 அக்டோபர் 30-இல் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். நாடற்றவர்களின் எண்ணிக்கை 9,75,000 எனக் கணக்கிடப்பட்டது. அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. மீதி 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சமமாகப் பிரித்துக்கொண்டன. சம்பந்தப்பட்ட மக்களிடம் எந்தக் கட்டத்திலும் கருத்துக் கேட்கப்படவில்லை.

இந்த ஒப்பந்தத்தில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு பகுதி உண்டு. இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவர், ஒப்பந்த நாளில் வேலையில் இருந்தால், தன் முறை வரும் வரை அல்லது 55 வயது வரை, இவற்றில் எது முந்தியதோ அதுவரை, அதே வேலையில் தொடரலாம். அக்காலத்துக்கு இலவச விசாவும் உண்டு. ஆக, நேற்று வரை நாடற்றவராக இருந்த தொழிலாளி இந்தியக் குடிமகனாகி, பிறந்த தோட்டத்திலேயே அயல்நாட்டவராக விசாவில் கொழுந்து பறித்தார். சேமநிதி உள்ளிட்ட சொத்தில் ஒரு குடும்பம் எடுத்துச் செல்லக்கூடிய உச்ச அளவு 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படாது என்பதும் ஒப்பந்தத்தில் இருந்தது. பல தலைமுறை உழைப்புக்கு அளிக்கப்பட்ட உறுதி அவ்வளவே.

எதிர்பார்த்ததற்கு மாறாக, இலங்கைக் குடியுரிமை கேட்டவர்கள் ஒதுக்கீட்டைவிட மிக அதிகம்; இந்தியக் குடியுரிமை கேட்டவர்கள் ஒதுக்கீட்டைவிடக் குறைவு. விண்ணப்பங்கள் தனித்தனியாக முடிவானதால் பெற்றோர் ஒரு நாட்டுக்கும் மணமான பிள்ளைகள் மறுநாட்டுக்கும் பிரிந்த குடும்பங்கள் பல.

மீண்டும் திருச்சிக்கு

தாயகம் திரும்பியோர் கப்பலில் இராமேசுவரம் வந்து இறங்கினர். மண்டபமும், திருச்சி விமான நிலையச் சாலையை ஒட்டிய கொட்டப்பட்டும் இடைத்தங்கல் முகாம்களாயின. தாத்தாவை ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் வழியே அனுப்பிய நகரம், பேரனை முகாமில் வரவேற்றது. மறுவாழ்வுக்காக நீலகிரியில் 1968-இல் அரசு தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. அதுவே பின்னாளில் 'டான்டீ' நிறுவனமாயிற்று. 1969-இல் 'ரெப்கோ' வங்கி நிறுவப்பட்டது. இருந்தும் தேயிலை வேலை மட்டுமே அறிந்த பலர் சமவெளியில் தொழில் தேடித் தடுமாறினர். அங்கே "இந்தியாக்காரர்" எனப்பட்டவர்கள் இங்கே "சிலோன்காரர்" எனப்பட்டனர்.

உள்நாட்டு வன்முறையால் 1984-இல் கப்பல் போக்குவரத்து நின்றது. இந்தியக் குடியுரிமை பெற்றும் வர முடியாமல் பலர் அங்கேயே தங்கினர். எஞ்சிய நாடற்றோருக்கு 1988-இலும், 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் எண் சட்டத்தாலும் இலங்கை குடியுரிமை அளித்தது. 2003 சட்டம் 1964 அக்டோபர் 30 முதல் நிரந்தரமாக வசிப்பவர்களுக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் உரியது.

ஆயினும் கதை முடியவில்லை. 1983-க்குப் பின் அகதிகளாக வந்தவர்களுள் மலையக வம்சாவளியினரும் உள்ளனர். கொட்டப்பட்டு உள்ளிட்ட முகாம்களில் பல்லாண்டுகள் வாழ்ந்த இத்தகையோர் தொடுத்த வழக்கில், அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019-இல் உத்தரவிட்டது. இந்தியாவில் 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்பது 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு. அதன் அடிப்படையில் உரிமை பெற்ற முகாம்வாசி ஒருவர் 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் வாக்களித்தார்.

இன்றைய உலகில்

வசிப்பையும் வேலையையும் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பது இன்றும் முக்கியம். ஒரு நாட்டில் குடியிருந்து அண்டை நாட்டில் வேலை செய்து, நாள்தோறும் அல்லது வாரம் ஒருமுறையாவது வீடு திரும்புபவரை ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 'எல்லைப்புறத் தொழிலாளி' என்று தனியாக அங்கீகரிக்கிறது. கனடாவில் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர் குடியுரிமைக்கு ஐந்தாண்டில் 1,095 நாள் நாட்டில் இருந்திருந்தால் போதும். நாள்களைக் கூட்டிப் பார்க்கும் இம்முறையில் ஒரு நீண்ட பயணம் முந்தைய ஆண்டுகளை அழித்துவிடுவதில்லை. 1949-ஆம் ஆண்டின் இலங்கைச் சட்டத்தில் ஓர் இடைவெளி அத்தனையையும் அழித்தது. வேறுபாடு இங்கேதான்.

முடிவுரை

காவிரியைக் கடந்து வேலைக்குப் போனவரும் கடலைக் கடந்து போனவரும் பிழைப்புக்காகவே போயினர். முன்னவருக்கு எல்லை குறுக்கே வரவில்லை. பின்னவர் வேலையில் இருந்தபோதே எல்லை வந்தது. அது வருவதற்கு முந்தைய பயணங்களுக்கும் அவரிடம் கணக்குக் கேட்கப்பட்டது. இடம்பெயர்ந்து உழைப்போர் ஊர் சென்று திரும்பிய தேதிகளையும், பிறப்பு, திருமண, வேலைப் பதிவுகளையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது இவ்வரலாறு தனிமனிதருக்குத் தரும் பாடம். தாயைப் பார்க்க ஊருக்குப் போனதைக் குற்றமாக எண்ணாத சட்டம் வேண்டும் என்பது அரசுகளுக்குத் தரும் பாடம்.