பாக்டீரியா ஒட்டுதல் சோதனையில் செல் தேர்வு: பிரம்மபுரம் புகையை முன்வைத்து

எர்ணாகுளம் மாவட்டத் தலைமையிடமான காக்கநாட்டை அடுத்த பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் 2023 மார்ச் 2 அன்று பற்றிய தீ, ஏறத்தாழ பன்னிரண்டு நாட்கள் புகைந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. என்95 முகக்கவசம் அணியுமாறு மக்கள் அறிவுறுத்தப்பட்டனர். கேரள உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. இத்தகைய புகையைச் சுவாசித்தவரின் மூச்சுப்பாதையில் நியூமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் கூடுதலாக ஒட்டிக்கொள்ளுமா என்பது ஆய்வகத்தில் சோதிக்கத்தக்க கேள்வி. ஆனால் விடை, எந்தச் செல்லின் மீது சோதிக்கிறோம் என்பதைப் பெரிதும் சார்ந்தது. மூக்கிலிருந்து எடுத்து, மேற்பரப்பில் காற்று படும்படி வளர்த்த செல்களே இக்கேள்விக்கு முதன்மைச் சான்றாக வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஒட்டுதல் சோதனையின் செய்முறை எளியது. தட்டின் குழிகளில் செல்களை ஒற்றை அடுக்காக வளர்த்து, அளவிட்ட பாக்டீரியாவைச் சேர்த்து, 37 பாகை வெப்பத்தில் ஓரிரு மணி நேரம் வைப்பர். ஒட்டாதவற்றை உப்புக் கரைசலால் பலமுறை கழுவியகற்றுவர். பின் செல்களைச் சிதைத்து, கரைசலைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, இரத்த அகரில் பரப்பி, மறுநாள் காலனிகளை எண்ணுவர். பிழைகள் இந்த எளிமைக்குள்ளேயே இருக்கின்றன. பாக்டீரியா செல்லில் மட்டுமன்றித் தட்டின் பிளாஸ்டிக்கிலும் ஒட்டும். ஆகவே செல் இல்லாத குழி ஒன்று ஒப்பீட்டுக்குத் தேவை. நியூமோகாக்கஸ் இணையாகவும் சங்கிலியாகவும் இருப்பதால் ஒரு காலனி ஒரே பாக்டீரியாவிலிருந்து வந்ததாகக் கொள்ள முடியாது. செல்லுக்குள் புகுந்தவற்றையும் வெளியே ஒட்டியவற்றையும் பிரித்தறிய, வெளியே உள்ளவற்றை மட்டும் கொல்லும் ஜென்டாமைசின் தேவை.

புகைத்துகளுக்கும் ஒட்டுதலுக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு வலுவான முன்சான்றுகள் உள்ளன. செல்பரப்பில் உள்ள பி.ஏ.எஃப். (இரத்தத் தட்டணுத் தூண்டு காரணி) ஏற்பியின் வழியே நியூமோகாக்கஸ் பற்றுகிறது என்று ஈலைன் டுவோமனன் குழு 1995-இல் 'நேச்சர்' இதழில் அறிவித்தது. நகரக் காற்றின் துகள்கள் இந்த ஒட்டுதலை உயர்த்துவதையும், ஏற்பியைத் தடுத்தால் அது குறைவதையும் லண்டனில் ஜோனதன் கிரிக் குழு 2011-இல் காட்டியது. ஏற்பி பாக்டீரியாவை நேரடியாகவே பற்றுகிறதா என்பது பின்னர் விவாதத்துக்கு உள்ளானது; துகள், ஏற்பி, ஒட்டுதல் என்ற பொதுத் தொடர்பு இதனால் மறைந்துவிடவில்லை.

சிக்கல், பரவலாகப் பயன்படும் ஏ549 செல்வரிசையில் இருக்கிறது. 1972-இல் 58 வயது ஆண் ஒருவரின் நுரையீரல் புற்றுக்கட்டியிலிருந்து பெறப்பட்ட இச்செல்கள் காற்றறைச் செல்களின் சாயல் கொண்டவை. இவற்றில் அசையும் குற்றிழைகள் இல்லை. மூச்சுப்பாதையின் சளிப்படலமும் இல்லை. நியூமோகாக்கஸோ முதலில் குடியேறுவது மூக்கிலும் தொண்டையின் மேற்பகுதியிலும்தான். அங்கே சளியைக் கடந்து, குற்றிழைகளின் வீச்சுக்குத் தப்பிய பிறகே அது செல்லை எட்ட வேண்டும். சளியில்லாத செல்லில் ஒட்டியதை எண்ணுவது, மதில் இல்லாத கோட்டைக்குள் நுழைந்த படையை எண்ணுவது போன்றது.

துகளைச் சேர்க்கும் முறையும் இதே குறையை வளர்க்கிறது. வளர்ப்பு நீர்மத்தில் துகளைக் கலந்து ஊற்றினால், செல் பெறும் அளவு சுவாசத்தில் பெறும் அளவோடு பொருந்தாது. குப்பை மேட்டுப் புகையோ வாகனப் புகையிலிருந்து வேறானது: பிளாஸ்டிக் புகைந்தெரியும்போது பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் உருவாகும், குளோரின் கலந்த பிளாஸ்டிக்கிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சின்களும் வெளியேறும். துகள் பாக்டீரியாவையும் மாற்றக்கூடும். கரித்துகள் நியூமோகாக்கஸின் உயிர்ப்படல அமைப்பை மாற்றுவதையும், எலிகளில் அது மூக்கிலிருந்து நுரையீரலுக்குப் பரவத் துணைபோவதையும் லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வர்கள் 2017-இல் காட்டினர். எனவே துகள் பட்ட செல், துகள் பட்ட பாக்டீரியா, இரண்டும் என மூன்று பிரிவுகளாகச் சோதித்தாக வேண்டும்.

பாக்டீரியாத் தேர்வும் பொருட்டானது. நூறுக்கு மேற்பட்ட உறை வகைகள் கொண்ட நியூமோகாக்கஸில் தடித்த உறை ஒட்டுதலைக் குறைக்கும். ஆய்வக வகை ஒன்றே அனைத்துக்கும் சான்றாகாது. நியூமோகாக்கஸ் தடுப்பூசி இந்தியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் 2021-இல் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டதால், மூக்கில் குடியிருக்கும் வகைகளும் மாறக்கூடும். அந்தந்த ஊரில் இன்று கிடைக்கும் வகைகளையே எடுத்தாள வேண்டும்.

ஏ549 மலிவானது, எந்த ஆய்வகத்திலும் ஒரே மாதிரி வளரும்; மூக்குச் செல்களோ முதிர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், கொடையாளருக்குக் கொடையாளர் வேறுபடும் என்ற எதிர்வாதம் நியாயமானதே. முதற்கட்டத் தெரிவுக்கு ஏ549 போதும். ஆனால் கொடையாளருக்கிடையிலான வேறுபாட்டைப் பிழையாகக் கருதி ஒதுக்கக் கூடாது: ஒரே புகை சிலரை மட்டும் ஏன் கூடுதலாகப் பாதிக்கிறது என்பதற்கான தரவு அதில்தான் உள்ளது.

ஒட்டுதல் மிகுவது நோய் மிகுவதற்குச் சான்று அல்ல. நியூமோகாக்கஸ் மூக்கில் குடியிருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. சோதனை தருவது பாதிப்பு நிகழக்கூடிய வழியின் சான்று மட்டுமே. அந்த வழி மூக்குச் செல்லிலும் உறுதியாகும்வரை, ஒட்டுதல் எண்ணிக்கையை இழப்பீட்டு வழக்கிலோ நலக் கொள்கையிலோ தீர்ப்புக்குரிய ஆதாரமாக வைக்கக் கூடாது.