டீக்கடைக்காரர்கள் கட்டிய கம்ப்யூட்டர்

  

"புரோகிராமருக்கு டெக்னாலஜி போதும், வியாபார அறிவெல்லாம் வேலையில் சேர்ந்தால் தானா வந்துடும்"னு எதிரணித் தம்பி சொல்லிட்டுப் போனார். வந்துடுமா? நான் தமிழ் வாத்தியார். கதைதான் சொல்லத் தெரியும். ஆனா இது நடந்த கதை.

இங்கிலாந்தில் ஜே. லயன்ஸ் என்று ஒரு கம்பெனி. என்ன வியாபாரம்? டீக்கடை! கேக்கு, ரொட்டி! ஒரு கப் டீயில் கிடைக்கிற லாபம் கொஞ்சம். அதுக்குக் கணக்கெழுதுற குமாஸ்தாக்களோ ஒரு படை. 1947-இல் இரண்டு அதிகாரிகளை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அங்கே போனால், "உங்க ஊர் கேம்பிரிட்ஜிலேயே ஒருத்தர் கம்ப்யூட்டர் கட்டுறாரே!" என்றார்கள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை! (சிரிப்பு) மாரிஸ் வில்க்ஸ் என்ற அந்த விஞ்ஞானியின் முயற்சிக்கு 3,000 பவுண்டு கொடுத்தார்கள். 1949-இல் அவருடைய இயந்திரம் ஓடியது. அதை வைத்துத் தாங்களே ஒன்று கட்டினார்கள். பெயர் லியோ. 1951 நவம்பரில் அது பேக்கரிக் கணக்கைப் போட்டது. உலகத்தில் கம்ப்யூட்டர் ஆபீஸ் வேலைக்கு வந்தது அப்படித்தான்.

கட்டியவர் ஜான் பிங்கர்ட்டன், அசல் என்ஜினியர். அவர் இல்லாமல் லியோ இல்லை. ஒப்புக்கொள்கிறேன், எதிரணி கைதட்டிக்கொள்ளலாம். (கைதட்டல்) ஆனால் அதுக்கு என்ன வேலை, எப்படிக் கொடுக்கணும்னு வகுத்தவர் யார்? டேவிட் கேமினர். பட்டம் வாங்காதவர். ஆபீஸ் நடைமுறைகளை அலசி அலசிப் பழகிய மனிதர்.

1954-இல் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் வேலையை லியோவிடம் கொடுத்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட கடை. தினமும் ஒவ்வொரு கடையும் எத்தனை ரொட்டி, எத்தனை கேக்குன்னு முழுப் பட்டியல் எழுதி அனுப்பினால், அதைக் கார்டில் குத்தி முடிப்பதற்குள் ரொட்டி காய்ந்துபோகும்! என்ன செய்தார்கள்? நம்ம வீட்டுப் பால்காரர் தினமும் வந்து "எத்தனை லிட்டர்"னு கேட்கிறாரா? இல்லையே! நாளைக்கு விருந்தாளி வந்தால்தானே நாம சொல்றோம்? அதேதான். வழக்கமான ஆர்டர் இயந்திரத்துக்குள் இருக்கும். மாற்றம் இருந்தால் மட்டும் கடையம்மா டெலிபோனில் சொன்னால் போதும். இந்த யோசனை ரேடியோ வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் வருமா, ஐயா? கடையை அறிந்தவனுக்கல்லவா வரும்! (கைதட்டல்)

இன்னொன்று. 1952-இல் லியோவுக்குப் புரோகிராம் எழுத வந்த மேரி கூம்ப்ஸ் என்ற பெண்மணி காலேஜில் படித்தது கணக்கா? இல்லை, பிரெஞ்சு! கம்பெனியே வகுப்பு நடத்தி, தேறியவர்களில் அவரையும் எடுத்துக்கொண்டது. சம்பளப் பட்டியல் போடும் புரோகிராமில் அவர் கை உண்டு.

இதை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன்? என்னிடம் பி.ஏ. தமிழ் படித்த ஒரு பெண், "ஐயா, நான் கம்ப்யூட்டர் படிக்கலாமா?"ன்னு கேட்டாள். அப்பா மளிகைக்கடை, பத்து வயசிலிருந்து கல்லாவில் உட்கார்ந்து பற்று வரவு எழுதின பொண்ணு. நான், "அது உனக்கு ஒத்துவராதும்மா"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். கூம்ப்ஸ் பற்றி அப்போ எனக்குத் தெரியாது, நடுவர் அவர்களே.