மொஸ்கி ஸ்ட்ராட்டுக்கு அப்பால்

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை இந்த வருஷம் மறுபடி படித்தபோது கதையைவிட ஊர்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. சுமத்ராவின் மெடான். 1942 மார்ச்சில் ஜப்பானியப் பட்டாளம் நகருக்குள் வருகிறது. சூறையாடியவர்களின் தலைகள் வெட்டப்பட்டுத் தெருவில் மேசைமேல் இருக்கின்றன. அந்த ஊரில் வட்டிக்கடைகளிலும் சில்லறைக் கடைகளிலும் நம் ஆட்கள் இருக்கிறார்கள். சிங்கம்புணரி, திருப்பத்தூர், தேவகோட்டைப் பக்கத்துப் பையன்கள். என் தாத்தாவும் அப்படிப் போனவர்தான். நாவலில் வரும் மொஸ்கி ஸ்ட்ராட் எனக்குச் சிறு வயதிலிருந்தே காதில் விழுந்த தெரு.

சிங்காரம் 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தார். 1938இல் கடைவேலைக்காக மெடான் போனார். போர் முடிந்து 1946இல் ஊர் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்துக்கொண்டே இரண்டு நாவல்கள் எழுதினார். பினாங்கில் நடக்கும் ‘கடலுக்கு அப்பால்’ 1959இல் கலைமகள் பரிசு பெற்றது. ‘புயலிலே ஒரு தோணி’ அச்சேற 1972 ஆகிவிட்டது. தமிழில் அயல்மண்ணை இத்தனை உரிமையோடு எழுதிய இன்னொருவரை நான் காணவில்லை. டச்சுத் தெருப்பெயரும் மலாய்ப் பேச்சும் சீனன் கடையும் அவர் எழுத்தில் வேடிக்கைப் பொருளாக வருவதில்லை. அங்கே குடியிருந்தவனின் வாயில் வருவதுபோல வருகின்றன.

வட்டித்தொழிலின் உள்கட்டு அவருக்கு அத்துபடி. பையன் பெட்டியடியாகச் சேர்வான். எடுபிடி வேலை செய்தபடியே பேரேடு எழுதப் பழகுவான். பிறகு அடுத்தாள். கையும் நாணயமும் சரியாக இருந்தால் ஒருநாள் கடையை நடத்தும் மேலாள். மூன்று வருஷம் ஒரு தவணை. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கிட்டங்கி என்ற நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பகலில் வரவுசெலவு நடந்த அதே தரையில் இரவில் பாயை விரித்துப் படுப்பார்கள். பெண்டு பிள்ளைகள் ஊரில். தவணை முடிந்ததும் ஐந்தொகை போட்டு, கணக்கை அடுத்து வந்தவனிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேற வேண்டும். ‘புயலிலே ஒரு தோணி’யின் நாயகன் பாண்டியன் கடல் கடந்த ஊரிலிருந்து மதுரைத் தெருக்களையும் சின்னமங்கலத்துச் சந்தையையும் நினைத்து நினைத்துக் குமைவதற்கு இந்தத் தவணை வாழ்க்கையே காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த முறை ஒரு கேள்வி விடாமல் துளைத்தது. காட்டுக்கும் சதுப்புக்கும் நடுவில் கிடந்த ஊரில் அவ்வளவு பணம் எப்படிப் புரண்டது? சிங்காரம் இதற்குள் அதிகம் போகவில்லை. அவருடைய மெடான் கடைத்தெருவின் மெடான். பதிலைத் தேடித்தான் மாடலன் சேக்கெய்-லூலோஃப்ஸின் இரண்டு டச்சு நாவல்களை ஆங்கில வழியாகப் படித்தேன்: 1931இல் வந்த ‘ரப்பர்’, அடுத்த ஆண்டே வந்த ‘கூலி’. 1899இல் ஜாவாவின் சுரபாயாவில் பிறந்தவர். டெலி வட்டாரத்துத் தோட்டங்களில் துரைசாணியாக வாழ்ந்து, அங்கே கண்டதை எழுதினார். ஹாலந்தில் அவருடைய சொந்த இனத்தாரே அதற்காக அவர்மேல் சீறினார்கள்.

டெலி என்பது மெடானைச் சுற்றிய சமவெளி. 1863இல் யாக்கோபுஸ் நீன்ஹெய்ஸ் என்ற டச்சுக்காரர் அங்கே வந்து, சுல்தானிடம் நிலம் வாங்கிப் புகையிலை போட்டார். சுருட்டின் மேலே கடைசியாகச் சுற்றும் மெல்லிய இலைக்கு அந்த மண் வாகாக இருந்தது. ஆம்ஸ்டர்டாம் ஏலத்தில் அதற்கு மவுசு ஏறியது. ஒருமுறை பயிரிட்ட நிலத்தைப் பல வருஷம் தரிசாக விட வேண்டும் என்பதால் காடு மேலும் மேலும் அழிந்தது. பினாங்கு, சிங்கப்பூர் வழியாகச் சீனர்களையும், பின்னர் ஜாவாவிலிருந்து ஆயிரமாயிரம் பேரையும் இறக்கினார்கள். புகையிலைக்குப் பின்னால் ரப்பர். மெடான் நகரமே இந்தப் பணத்தில் எழுந்ததுதான்.

1880இல் வந்த கூலிச் சட்டத்தில் தண்டனைப் பிரிவு ஒன்று இருந்தது. ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவன் வேலைக்கு வராவிட்டாலோ தப்பி ஓடினாலோ அது குற்றம். போலீஸ் பிடிக்கும், சிறையில் போடும், பிறகு அதே தோட்டத்துக்குத் திருப்பி அனுப்பும். ‘கூலி’ நாவலின் ருக்கி ஜாவாக் கிராமத்திலிருந்து ஆசை வார்த்தையில் மயங்கி வந்தவன். ஊர் போவதற்குச் சேர்த்த காசைச் சூதில் தோற்று மறுபடி கைநாட்டு வைக்கிறான். இது நாவலாசிரியை கட்டிய திருப்பம் அன்று. சம்பள நாளில் சூதாட்டத்தைத் தோட்டத்துக்குள்ளேயே நடக்கவிட்டு, ஓட்டாண்டியானவனை மறுஒப்பந்தத்தில் மடக்குவது டெலியில் நெடுநாள் நடந்த வழக்கம்.

மெடானில் வக்கீலாக இருந்த வான் டென் பிராண்ட் 1902இல் ‘டெலியின் மில்லியன்கள்’ என்ற சிறு நூலில் அடியையும் சாவையும் அம்பலப்படுத்தினார். அரசாங்கம் ரெம்ரெஃப் என்ற நீதித்துறை அதிகாரியை விசாரிக்க அனுப்பியது. அவர் 1904இல் கொடுத்த அறிக்கை அச்சாகாமலே பெட்டிக்குள் போயிற்று. யான் பிரெமன் என்ற ஆய்வாளர் அதை முழுதாக வெளியிட்டபோது 1987. இடையில் எத்தனை பேர் அந்த மண்ணுக்குள் போயிருப்பார்கள் என்று எண்ணும்போது எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. தண்டனைப் பிரிவு ஆட்டங்கண்டதும் இரக்கத்தால் அன்று. தண்டனைக்கு அஞ்சிச் செய்யும் வேலையில் விளைந்த சரக்கை இறக்குமதி செய்யக்கூடாது என்று அமெரிக்கா 1930இல் சுங்கச் சட்டத்தில் சேர்த்தது. சந்தை போய்விடும் என்ற பயத்தில் அடுத்த ஆண்டே புகையிலைக் கம்பெனிகள் தண்டனைப் பிரிவைக் கைவிடத் தொடங்கின.

நம் ஆட்களுக்கு இந்தத் தோட்டங்களோடு தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. டெலிக்கு ஆள் பிடிக்க ஆங்கிலேய இந்திய அரசாங்கம் இணங்கவில்லை. அதனால் பினாங்கு வழியாகப் போன தமிழர்கள் எண்ணிக்கையில் குறைவு. போனவர்கள் மாட்டுவண்டி ஓட்டினார்கள், சாலையும் வாய்க்காலும் வெட்டினார்கள். மெடானில் இன்றும் நிற்கும் மாரியம்மன் கோயில் 1884இல் எழுந்தது. வட்டிக்கடைக்காரர்களைப் பற்றி நம் பக்கத்தில் பேசுகிற பேச்சில் இந்த வண்டிக்காரர்கள் எட்டிப் பார்ப்பதே இல்லை.

அடுத்தாளின் மூன்று வருஷத் தவணையையும் கூலியின் ஒப்பந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டும் வீட்டைப் பிரித்தவை, இரண்டிலும் இளமை கழிந்தது. ஆனால் அடுத்தாள் பிடிக்காமல் ஓடினால் முதலாளி ஏசுவார், ஊரில் பெயர் கெடும், அவ்வளவே. அவனைப் பிடித்து வரப் போலீஸ் போகாது. கடல் கடந்து பொருள் தேடினோம் என்று பெருமை பேசும் நாம் இந்த வித்தியாசத்தைச் சொல்லியே ஆகவேண்டும். நாம் எழுதிய பேரேட்டின் ஓரத்தில் அந்தத் தோட்டத்துப் பணமும் ஓடியது.

இதனால் சிங்காரம் எனக்குக் குறைந்துவிடவில்லை. நின்ற தெருவிலிருந்து தெரிந்ததை ஒளிக்காமல் எழுதினார். லூலோஃப்ஸ் பங்களாத் திண்ணையிலிருந்து தெரிந்ததை எழுதினார். துரைசாணியின் பார்வைக்கு மொஸ்கி ஸ்ட்ராட்டுப் பெட்டியடிப் பையன் அகப்படவில்லை, பையனின் பார்வைக்கு ருக்கி அகப்படவில்லை. ‘புயலிலே ஒரு தோணி’யை ஏற்கெனவே படித்தவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அடுத்ததாகக் ‘கூலி’யை எடுங்கள், பிறகு சிங்காரத்தின் நாவலில் மெடான் பகுதிக்குத் திரும்புங்கள். ஜப்பானியரை வேடிக்கை பார்க்கத் தெருவில் திரண்ட பெயரில்லாத கூட்டத்தில் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் யார் யாராக இருந்திருப்பார்கள் என்று நான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.