பேட்டரி புதுசு, வயர் பழசு

மாலை நடையின்போது உங்களில் இரண்டு மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "பேஸ்மேக்கருக்குப் புது பேட்டரி போட்டாச்சே சார், இன்னும் எதுக்கு ஆஸ்பத்திரிக்கு அலையறீங்க?" நின்று பதில் சொல்ல அவகாசம் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பேஸ்மேக்கர் என்றதும் எல்லோருக்கும் தோளுக்குக் கீழே புடைத்திருக்கும் அந்தச் சின்னப் பெட்டிதான் நினைவுக்கு வரும். பெட்டியிலிருந்து இதயத்துக்குள் போகும் வயரை யாரும் நினைப்பதில்லை. டாக்டர்கள் அதை லீட் என்கிறார்கள். இந்தச் சிகிச்சையின் வரலாற்றில் அதிகம் தொல்லை கொடுத்தது அந்த வயர்தான்.

1958 அக்டோபர் 8. ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் அருகே கரோலின்ஸ்கா மருத்துவமனை. ஆர்னே லார்சன் என்ற 43 வயதுக்காரருக்கு இதயத் துடிப்பு அடிக்கடி நின்று மயக்கம் வந்துகொண்டிருந்தது. அவர் மனைவி விடாமல் மன்றாடியதால், எல்ம்க்விஸ்ட் என்ற எஞ்சினியர் ஒரு கருவி செய்து கொடுக்க, சென்னிங் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் அதை உடலுக்குள் வைத்தார். ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து வார்த்த பெட்டி அது! வயர்களை, நெஞ்சைத் திறந்து இதயத்தின் மேலேயே தைத்தார்கள். முதல் கருவி சில மணி நேரமே ஓடியது. லார்சன் அதன்பின் 20க்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு 86 வயதுவரை இருந்தார். எல்ம்க்விஸ்ட், சென்னிங் இருவருக்கும் பிறகுதான், 2001இல், அவர் காலமானார்.

அதே 1958இல் நியூயார்க்கில் ஃபர்மன் என்ற டாக்டர், நெஞ்சைத் திறக்காமல் ரத்தக்குழாய் வழியாகவே வயரை இதயத்துக்குள் செலுத்தினார். இன்று நமக்கெல்லாம் செய்வது அந்த வழிதான். அறுவை சிறிதானது, ஆனால் வயர் ஓயாமல் அசையும் இடத்துக்குப் போய்விட்டது. இதயம் ஒரு நாளில் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது. வங்கியில் கூட்டிக் கழித்த பழக்கம் விடவில்லை, பெருக்கிப் பார்த்தேன்: வருடத்துக்கு 3 கோடியே 65 லட்சம் தடவை வயர் அசைந்துகொடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் கம்பி ஒடியலாம். மேலுறை தேயலாம். வைத்த புதிதில் முனை நகர்ந்துவிடலாம். சில வாரம் கையைத் தோளுக்கு மேலே தூக்காதே என்பது அதனால்தான். பெட்டியைத் தோலுக்கடியில் விரலால் திருகித் திருகி வயரையே சுருட்டிவிட்ட நோயாளியைப் பற்றி 1968இலேயே எழுதியிருக்கிறார்கள்.

பழுதானால் உருவி எடுத்துவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். நாளாக ஆக வயரைச் சுற்றிச் சதை வளர்ந்து, ரத்தக்குழாயோடும் இதயச் சுவரோடும் ஒட்டிக்கொள்கிறது. இழுத்தால் அதுவும் கிழியலாம்.

இதற்குப் பெரிய பாடம் 1994இல் கிடைத்தது. டெலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் அக்யூஃபிக்ஸ் என்ற வயருக்குள் வளைவைப் பிடித்து வைக்க ஒரு மெல்லிய கம்பி இருந்தது. அது ஒடிந்து வெளியே நீட்டி இதயத்தைக் குத்தியது, சிலர் இறந்தார்கள். பயந்துபோய் ஆயிரக்கணக்கானோருக்கு வயரை எடுத்தார்கள். கடைசியில் கணக்குப் பார்த்தால், கம்பி குத்தி இறந்தவர்களைவிட எடுக்கும்போது இறந்தவர்கள் அதிகம்.

அதனால் 2007 அக்டோபரில் மெட்ட்ரானிக் நிறுவனம் ஸ்ப்ரிண்ட் ஃபிடெலிஸ் வயரின் விற்பனையை நிறுத்தியபோது டாக்டர்கள் நிதானமாக இருந்தார்கள். இது டிஃபிப்ரிலேட்டர் வயர், அதாவது ஆபத்தான துடிப்பு வந்தால் ஷாக் கொடுக்கும் கருவியினுடையது. சுலபமாக நுழையட்டும் என்று மெல்லிசாகச் செய்தார்கள். அது ஒடிந்தபோது எழுந்த பொய் சிக்னலை நம்பி, சும்மா உட்கார்ந்திருந்தவருக்குக் கருவி ஷாக் கொடுத்தது. உலகம் முழுக்கச் சுமார் 2,68,000 வயர்கள் உள்ளே போயிருந்தன. பெரும்பாலோருக்கு அதை எடுக்காமல் கண்காணிக்கத்தான் சொன்னார்கள். கிருமி தொற்றினால் மட்டும் வேறு வழியில்லை, பெட்டி வயர் எல்லாமே வெளியே வந்தாக வேண்டும்.

என் வயருக்கு 11 வயது. போன செக்கப்பில் அதன் மின்தடை ஏறியிருந்தது, கிருமி எதுவும் இல்லை. "எடுத்துடுங்கப்பா" என்றான் மகன். டாக்டரோடு இரண்டு முறை பேசி முடிவெடுத்துவிட்டேன். பழைய வயர் உள்ளேயே இருக்கும், பக்கத்தில் புது வயர் ஒன்று போடுவார்கள். தேதி அடுத்த மாதம். அதற்குப் பிறகு சில வாரம் என்னைப் பார்க்கும்போது வலது கையால்தான் வணக்கம் வைப்பேன், தப்பாக நினைக்காதீர்கள்.