பிறர் இடத்தில் பட்ட காயம்

ஒருவருடைய நிலத்திலோ கட்டடத்திலோ இன்னொருவர் காயமடைந்தால் அந்த இடத்துக்கு உரியவரின் பொறுப்பு என்ன என்பதை வரையறுக்க இங்கிலாந்து 1957இல் தனிச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் அப்படியொரு தனிச் சட்டம் இயற்றப்படவில்லை. இங்கே காயமடைந்தவரின் உரிமை, நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியாகவும் தொழிலாளர் சட்டங்களின் வழியாகவும் சிறுகச் சிறுகச் சேர்ந்தது. அது சேர்ந்த வரலாற்றைப் படிக்க ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் பொருத்தமானது. மலையடிவாரத்தில் கண்மாய்ப் பாசனத்தை நம்பிய சுந்தரபாண்டியம், நூற்பாலைகள் எழுந்த இராஜபாளையம், கிழக்கே பட்டாசுத் தொழில் பரவிய சிவகாசி, சாத்தூர் என அந்த வரலாற்றின் ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய களம் இங்கே ஒரே மாவட்டத்துக்குள் அமைந்திருக்கிறது. மாவட்ட முதன்மை நீதிமன்றமும் மாவட்டத் தலைநகரான விருதுநகரில் இல்லாமல் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இயங்குகிறது.

இந்தியத் தீர்ப்புகளில் முதலில் குறிப்பிட வேண்டியது கார்வேட்டிநகரம் ஜமீன்தாருக்கு எதிராகச் சென்னை ரயில்வே கம்பெனி தொடுத்த வழக்கு. அன்றைய வடஆற்காடு பகுதியில், பெருமழையின்போது ஜமீன் நிலத்தில் இருந்த ஏரிகள் உடைந்து, பாய்ந்த வெள்ளம் ரயில் பாதையைச் சேதப்படுத்தியது. இங்கிலாந்தின் லங்காஷயரில் ஓர் ஆலை முதலாளி கட்டிய நீர்த்தேக்கத்திலிருந்து நீர் கசிந்து பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்த வழக்கில், ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் கொண்டுவந்து தேக்குகிறவர், தன்மேல் தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது தப்பிச் சென்று விளைவிக்கும் சேதத்துக்குப் பொறுப்பு என்று இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை 1868இல் உறுதிசெய்திருந்தது. 'கடும் பொறுப்பு' எனப்படும் இந்த விதியையே ரயில்வே கம்பெனி எடுத்துக்காட்டியது. ஆனால் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1874இல் அதை ஏற்கவில்லை. ஏரிகள் தொன்றுதொட்டு இருப்பவை, மக்களின் பிழைப்புக்கு இன்றியமையாதவை, அவற்றைத் தூர்த்துவிடும் அதிகாரம் ஜமீன்தாருக்கே கிடையாது, பேணிக் காப்பதே அவர் கடமை. ஆகவே பராமரிப்பில் கவனக்குறைவு இருந்தது என்று நிரூபித்தால் மட்டுமே அவரிடம் இழப்பீடு கேட்கலாம் என்பது தீர்ப்பின் சாரம்.

இங்கிலாந்தின் விதியை அப்படியே இறக்குமதி செய்ய மறுத்த அந்தத் தீர்ப்பு, இந்நாட்டின் நீர்ப்பாசனத்தை உள்ளபடி புரிந்துகொண்ட தீர்ப்பு என்றே சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பொறியாளர் பெயர்டு ஸ்மித் தந்த கணக்கு, சென்னை மாகாணத்தின் 14 மாவட்டங்களில் மட்டும் 53,000 ஏரிகளைக் காட்டுகிறது. கரை உடையும் ஆபத்து நேர்ந்தால் ஊரார் உழைப்புத் தர வேண்டும் என்று 1858இலேயே சென்னை மாகாணத்துக்குத் தனிச் சட்டம் இருந்தது. இவ்வளவு பொதுத்தன்மை வாய்ந்த ஒன்றின் பழியை ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகாது. ஆயினும் கரைக்குக் கீழே குடிசை போட்டிருந்தவனுக்கு அத்தீர்ப்பால் ஒரு பயனும் இல்லை. ரயில்வே கம்பெனியே நிரூபிக்க முடியாத கவனக்குறைவை அவன் எந்த வக்கீலை வைத்து நிரூபிப்பான்?

அனுமதியின்றி நுழைந்தவருக்கும் ஓரளவு பாதுகாப்பு உண்டு என்பது 1963இல் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது. பீகாரில் ஒருவர் தம் கழிப்பறையைப் பக்கத்து வீட்டார் பயன்படுத்துவதைத் தடுக்க, உறையில்லாத மின்கம்பியை வழியில் கட்டி மின்சாரம் பாய்ச்சினார். அதில் பட்டு ஒரு பெண் இறந்தார். நுழைந்தவர் அத்துமீறியவரே என்றாலும், அவருக்குத் தீங்கு நேரும்படி பொறி வைக்கும் உரிமை இடத்துக்காரருக்கு இல்லை என்று நீதிமன்றம் கூறி, கம்பி கட்டியவருக்கு விதிக்கப்பட்டிருந்த தண்டனையை உறுதிசெய்தது. மலையடிவார ஊர்களில் காட்டுப்பன்றிக்கு அஞ்சித் தோட்டத்து வேலியில் திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சுவோர் நினைவில் வைத்திருக்க வேண்டிய தீர்ப்பு இது.

உண்மையான மாற்றம் ஆலை வாசலில்தான் நிகழ்ந்தது. பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936இல் இராஜபாளையம் மில்லைத் தொடங்கியபோது, தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1923இல் இயற்றப்பட்டு 1924 ஜூலை முதல் நாளில் செயலுக்கு வந்த அச்சட்டம், வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்து என்பது நிறுவப்பட்டால் போதும், முதலாளியின் தவற்றைத் தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை என்றது. அதன் அட்டவணை, பின்னாளில் திருத்தப்பட்ட வடிவில், உடலை உறுப்பு உறுப்பாக எடைபோட்டது: கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு, ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50, இரு கைகளும் போனால் 100. படிக்கக் கூசும் கணக்குதான். ஆனால் முதலாளியின் மனமிரங்கலை எதிர்பார்த்து நின்றவருக்கு அதுவே கேட்டுப் பெறத்தக்க உரிமையாயிற்று. ஒப்பந்தக்காரர் வழியாக ஆள் வைத்தாலும், தம் கட்டுப்பாட்டில் உள்ள இடத்தில் தம் தொழிலுக்குரிய வேலை நடந்தால் முதன்மை முதலாளியே இழப்பீடு தர வேண்டும் என்றும் அதன் 12ஆம் பிரிவு விதித்தது.

1985 டிசம்பரில் டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்த வழக்கில், தலைமை நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான அமர்வு, அபாயகரமான தொழில் நடத்துவோர் எந்த விதிவிலக்கையும் காட்டித் தப்ப முடியாத 'முழுப் பொறுப்பு' என்னும் கோட்பாட்டை அடுத்த ஆண்டு வகுத்தது. அதன் தொடர்ச்சியாக வந்த 1991ஆம் ஆண்டுப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், பாதிக்கப்படும் தொழிலாளர் அல்லாதோரில் இறந்தவர் குடும்பத்துக்கு உடனடி நிவாரணமாக 25,000 ரூபாயை மட்டுமே நிர்ணயித்தது. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளருக்குக் கட்டாயக் காப்பீடு வேண்டும் என்று வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் பணித்ததும் இந்தக் காலத்தில்தான்.

முழுப் பொறுப்பின் வலிமை இந்த மாவட்டத்தில் வெளிப்பட்டது 2021இல். அவ்வாண்டு பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நேர்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தைத் தானே முன்வந்து விசாரித்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. இவ்வட்டாரத்தில் 'உள்குத்தகை' என்று சொல்லப்படும் வழக்கமே இத்தகைய வழக்குகளின் முடிச்சு: உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அவர் ஆலையின் அறைகளைப் பலருக்குப் பிரித்து வாடகைக்கு விட, மருந்து கலக்கும் கொட்டகையில் வேலை செய்பவருக்குத் தம் முதலாளி யார் என்பதே தெரியாமல் போகிறது. ஒப்பந்தக்காரருக்குப் பின்னால் நிற்கும் முதலாளியை 1923ஆம் ஆண்டுச் சட்டம் பிடித்துவிட்டது. குத்தகைக்காரருக்குப் பின்னால் நிற்கும் உரிமதாரரைப் பிடிக்க அவ்வளவு தெளிவான சட்ட வாசகம் இல்லை. அந்த இடைவெளி அடைபடும்வரை, கூலி தந்தவர் யார், உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்ற இரண்டையும் அறிந்து இருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பதே பாதிக்கப்பட்டவருக்குப் பாதுகாப்பு. தொழிலாளர் இழப்பீட்டு மனுவுக்குச் சட்டம் தரும் காலக்கெடு இரண்டு ஆண்டுகள்.